ரீநேம்: உங்கள் லேப்டாப்பில் ஓடும், கடை கம்ப்யூட்டரில் விழும்

பெங்களூரில் சின்ன டீம்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் மேக்கிலோ லினக்ஸிலோ கோட் எழுதுகிறார்கள். அதை ஓட்டப்போவது சிவாஜிநகர் கடையில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர். "என் மெஷின்ல ஓடுதுண்ணா" என்று சொல்லும் இடங்களில் ரீநேமை, அதாவது ஃபைலின் பெயரை மாற்றும் கட்டளையை, தவறாமல் பாருங்கள். புதிய ஃபைலை முதலில் டெம்ப் (தற்காலிக) பெயரில் எழுதி, முடிந்ததும் ரீநேம் செய்து பழையதன் இடத்தில் வைக்கும்போதுதான் இந்தச் சிக்கல் வரும்.

மாற்றப்போகும் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் என்ன ஆகும்? சி மொழியின் தரநிலை இதை அந்தந்த சிஸ்டத்திடமே விட்டுவிட்டது. லினக்ஸிலும் மேக்கிலும் பழையது போய்ப் புதியது அதே இடத்தில் உட்காரும். அந்தப் பெயரில் ஃபைலே இல்லாத கணம் என்று ஒன்று நடுவில் வராது. விண்டோஸின் சி லைப்ரரி எரர் கொடுக்கும். பைத்தானின் ஓஎஸ்.ரீநேமும் இப்படியே இரண்டு விதமாக நடக்கும். எல்லா இடத்திலும் மேலெழுத வேண்டுமென்றால் 2012-இல் 3.3 பதிப்பில் வந்த ஓஎஸ்.ரீப்ளேஸ் இருக்கிறது, அதைப் போடுங்கள்.

பலர் செய்யும் வைத்தியம், முதலில் பழையதை டெலீட் செய்துவிட்டு அப்புறம் ரீநேம் செய்வது. தயவுசெய்து வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால் அன்றைய கணக்கு ஃபைல் அதன் பெயரில் இருக்காது. புதியது ஏதோ டெம்ப் பெயரில் கிடக்கும், கடைக்காரருக்கு அது தெரியாது.

டெம்ப் ஃபைலை டெம்ப் ஃபோல்டரில் எழுதுவதும் தவறுதான். அது வேறு பார்ட்டிஷனாக இருந்தால் லினக்ஸ் ரீநேமை மறுத்துவிடும். காப்பி செய்து நகர்த்தும் ஃபங்ஷன்களில் பாதியில் நின்றுபோகும் ஆபத்து உண்டு. கடைசியில் ஃபைல் இருக்கவேண்டிய அதே ஃபோல்டரிலேயே டெம்ப்பையும் எழுதுங்கள். எழுதியதும் மூடுங்கள், திறந்திருக்கும் ஃபைலை ரீநேம் செய்ய விண்டோஸ் பெரும்பாலும் விடாது.

தமிழில் பெயர் வைத்தால் இன்னொரு சிக்கல், இதை யாரும் சோதிப்பதே இல்லை. 'கொள்முதல்' என்ற பெயரில் 'கொ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான (டிஸ்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் முறை) ஹெச்எஃப்எஸ் பிளஸ் பெயரைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். மேக்கிலிருந்து வந்த ஃபைலை லினக்ஸில் நீங்கள் அடித்த பெயரால் தேடினால், கண்ணெதிரே இருப்பதையே 'இல்லை' என்று சொல்லும். ஃபோல்டரின் பட்டியலை வாங்கி, பட்டியலில் உள்ள பெயரையும் நீங்கள் அடித்ததையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றி ஒப்பிடுங்கள். ஆனால் ரீநேமுக்குக் கொடுக்கவேண்டியது பட்டியலில் வந்த பெயரையே.

நீளத்தையும் பாருங்கள். லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் ஒரு பெயருக்கு 255 பைட்தான். 'கொள்முதல்' நமக்கு 5 எழுத்து. யூனிகோடில் 9 குறியீடு, அவற்றைப் பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8-இல் 27 பைட். பிரித்து எழுதினால் 30. விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் 255 யூடிஎஃப்-16 அலகு வரை (தமிழில் ஒரு குறியீட்டுக்கு ஓர் அலகு) ஏற்பதால், 100 குறியீடுள்ள தமிழ்ப் பெயர் அங்கே நிற்கும், லினக்ஸில் 300 பைட் ஆகி விழும். 80 குறியீட்டுக்குள் நிறுத்திக்கொண்டால் இரண்டிலும் ஓடும்.