கொலுப் பெட்டியில் ஏறிய வாடை: போக்க நினைத்துச் செய்யும் தவறுகள்

புரட்டாசி பிறந்து மகாளய அமாவாசை நெருங்கினால் அட்டாலியிலிருந்து, அதாவது பரணிலிருந்து, கொலுப் பெட்டிகள் இறங்கும். கயிற்றை அவிழ்த்து மூடியைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை. உடனே வீட்டில் ஒருவர் ரூம் ஸ்பிரேயைத் தேடுவார், ஒருவர் சாம்பிராணி போடுவார், இன்னொருவர் ஈரத்துணியோடு பொம்மைகளைத் துடைக்க உட்காருவார். முதல் இரண்டும் இருக்கிற வாடை மேல் இன்னொரு வாடையை ஏற்றும். மூன்றாவது பொம்மையையே கெடுத்துவிடும்.

வாடைக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். அந்த ஈரமும் அட்டாலியில் கிடந்த மாதங்களில் சேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். ஏறக்கட்டிய அன்றே பொம்மையோடு சேர்ந்து பெட்டிக்குள் போனதுதான் அதிகம்.

கொங்கு நாட்டு மழைக் கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். விஜயதசமி 2023இல் அக்டோபர் 24, 2024இல் அக்டோபர் 12, 2025இல் அக்டோபர் 2. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபரிலும் நவம்பரிலும்தான் கிடைக்கிறது. ஆக, காற்றில் ஈரம் ஏறுகிற நேரம் பார்த்துத்தான் பொம்மைகளைச் சுற்றி, பாலிதீன் கவரில் போட்டு, டேப் ஒட்டி மூடுகிறோம். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றாலே பூசணம் பிடிக்கும். கவருக்குள் அடைபட்ட ஈரத்துக்கு வெளியே போக வழியும் இல்லை.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையையாவது படுக்க வைக்க வேண்டும் என்பது வழக்கம். மறுநாளே எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்தாக வேண்டும் என்பது நம் அவசரம். படியைக் கலைத்துவிட்டு பொம்மைகளை பீரோ மேலோ ஷெல்ஃபிலோ நிறுத்தி, ஒரு பருத்தி வேட்டியைப் போர்த்திவிடுங்கள். மழை ஓய்ந்து, பொங்கல் முடிந்து, மாசி வெயில் தெளிந்த பிறகு கட்டி மேலே ஏற்றலாம். இடம் போதாத வீட்டில் பெட்டியிலேயே வைத்தாலும் டேப் ஒட்டாமல் வைத்திருந்து மாசியில் ஒரு தடவை பிரித்துக் கட்டுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

ஏற்கெனவே வாடை ஏறிவிட்டதா? அப்போது எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். பொம்மையைத் தனியாக, சுற்றியிருந்த துணியையும் காகிதத்தையும் தனியாக, அட்டைப் பெட்டியைத் தனியாக மோந்து பாருங்கள். பல சமயம் நாற்றமெல்லாம் அட்டையிலும் காகிதத்திலும்தான் இருக்கும். அந்த அட்டைப் பெட்டியை ஒரு நாள் வெயிலில் போட்டு மறுபடி பயன்படுத்துவது பெரிய தவறு. பூசணம் அட்டையின் அடுக்குகளுக்குள் ஊடுருவியிருக்கும். மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் அடுத்த ஈரத்தில் கிளம்பும். தயங்காமல் தூக்கிப் போடுங்கள். பழைய செய்தித்தாளும் அப்படித்தான்.

திருப்பூர் பக்கத்தில் பொம்மை சுற்றுவதற்குப் பனியன் வேஸ்ட், அதாவது பனியன் துணி வெட்டும்போது மிஞ்சும் கட்டிங் துண்டுகளை, வாங்குவார்கள். மெத்தென்று இருக்கும், பொம்மையின் மூக்கும் விரலும் உடையாது. ஆனால் பருத்தி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சாயம் போட்ட கட்டிங்காக இருந்தால் ஈரத்தில் நிறமும் பொம்மைக்கு இறங்கும். வெள்ளை கட்டிங்காகப் பார்த்து எடுத்து, துவைத்து, மொடமொடவென்று காய்ந்த பிறகே சுற்றுங்கள்.

இப்போது பொம்மைக்கு வருவோம். ஒரு மண் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து அடியைப் பாருங்கள். சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை ஒன்று இருக்கும். சிலவற்றில் அடிப்பக்கமே திறந்திருக்கும். வெளியே பெயின்டும் வார்னிஷும் பூசியிருப்பதால் ஈரம் எளிதில் ஏறாது. உள்ளே வெறும் சுட்ட மண். ஈரத்தைக் குடிப்பதும் வாடையைப் பிடித்து வைப்பதும் அந்த உட்புறம்தான். முகத்தையும் புடவையையும் எத்தனை தடவை துடைத்தாலும் வாடை போகாததற்குக் காரணம் இதுதான். ஓட்டையில் மூக்கை வைத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். உள்ளே எப்போதோ திணித்த காகிதமோ பஞ்சோ இருந்தால், முனை வளைத்த கம்பியால் மெதுவாக இழுத்து எடுங்கள். பிறகு பொம்மையைத் துணிமேல் படுக்க வைத்து, ஓட்டை காற்று வரும் திசையைப் பார்க்கும்படி திருப்பி, நிழலில் மூன்று நாலு நாள் விடுங்கள்.

காகிதக்கூழ் பொம்மை இன்னும் நோஞ்சான். காகிதக் கூழோடு மரவள்ளிக் கிழங்கு மாவுப் பசை சேர்த்துத்தான் பலரும் இதைச் செய்கிறார்கள். சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லைக் கடந்து போனவர்களுக்கு, அந்த மாவு ஈரத்தில் கிடந்து புளித்தால் எப்படி நாறும் என்று சொல்லத் தேவையில்லை. பூசணத்துக்கு மாவும் காகிதமும் நல்ல தீனி. இந்தப் பொம்மையில் தண்ணீர் படவே கூடாது. காய்ந்த மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் வாசலில் வைத்துத் தட்டி எடுங்கள். மூக்கில் மாஸ்க் இருக்கட்டும், ஆஸ்துமா உள்ளவர் பக்கத்தில் நிற்க வேண்டாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மையும் தண்ணீரைக் குடிக்கும், துடைத்தால் வர்ணம் கையோடு வரும். மரப்பாச்சிக்கு மட்டும் லேசாக நனைத்துப் பிழிந்த துணி தாங்கும், அதுவும் உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால்.

வெயிலில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் நம்மிடம் உண்டு. துணிக்குச் சரி. பொம்மைக்குச் சுள்ளென்ற வெயில் ஆகாது. வர்ணம் வெளுக்கும், வார்னிஷ் வெடிக்கும், மரம் விரியும். வாடையை எடுப்பதில் காற்றுக்குத்தான் முதலிடம். அந்த விஷயத்தில் கொங்கு நாட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் புகுந்து வரும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளையே ஓட்டுகிறது. மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வருவதால் கிழக்கே போகப் போக ஈரம் குறைந்திருக்கும். நவராத்திரிக்கு முந்தின நாள் பெட்டியைத் திறக்காமல் ஆடியிலோ ஆவணியிலோ ஒரு தடவை இறக்கி, ஜன்னல் திறந்த அறையில் பரப்பி வைத்தால் அந்தக் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். பொள்ளாச்சிக்கு மேற்கே, ஆனைமலை அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆடியில் அங்கே சாரல். அவர்கள் மாசி, பங்குனியைத்தான் நம்ப வேண்டும்.

வாடையை உறிஞ்ச எதையாவது பெட்டிக்குள் போடுவதிலும் தப்புகள் நிறைய. அரிசி போட்டால் வண்டு வரும். கல்லுப்பு காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே கசிந்து தண்ணீராகும். பச்சை வேப்பிலையைக் கொத்தாகப் போடுகிறவர்கள் ஈரத்தையும் சேர்த்தே போடுகிறார்கள். நிழலில் சருகாகக் காய்ந்த இலை என்றால் பரவாயில்லை. ஆப்ப சோடாவை சின்னக் கிண்ணத்தில் வைத்தால் புளித்த வாடை கொஞ்சம் அடங்கும், பூசண வாடைக்கு அது போதாது.

உண்மையில் உதவுவது கரி. அதற்காக அடுப்புக் கரியை அள்ளிப் போடக் கூடாது; தூள் உதிர்ந்து பொம்மை கறுக்கும், உறிஞ்சும் சக்தியும் குறைவு. காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுத் தொட்டிக்கரி எடுக்கிறார்கள். அதை மேலும் கடும் சூட்டில் நீராவி செலுத்திப் பதப்படுத்தினால் ஆக்டிவேட்டட் கார்பன். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பை விரித்துப் பார்த்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். வாடை அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. வாட்டர் ஃபில்டர் சாமான் விற்கும் கடைகளில் குருணையாகக் கிடைக்கும். சின்னத் துணிப்பைகளில் கட்டிப் பெட்டிக்கு ஒன்றிரண்டு போடுங்கள், விரல் பருமனில் ஒன்றை மண் பொம்மையின் ஓட்டைக்குள்ளும் வைக்கலாம். கரி வாடையைத்தான் பிடிக்கும். ஈரத்துக்கு சிலிகா ஜெல் தனியாக வேண்டும்.

ரசகற்பூரம் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பாச்சா உருண்டை என்று நாம் வாங்குவது பெரும்பாலும் நாப்தலீன். அது உருகாமல் நேராக ஆவியாகி, துணியிலும் மரத்திலும் புகுந்துகொள்ளும். தெர்மாகோல் வளைவையும் சில பிளாஸ்டிக் பூக்களையும் இளக்கிப் பிசுபிசுப்பாக்கும். தண்ணீரில் கரையாது என்பதால் ஒரு அலசலில் அந்த வாடை போகாது. நாள் கணக்கில் காற்றில் விரித்துத்தான் போக்க வேண்டும். இதைவிட முக்கியம் குழந்தைகள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆவி பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். தவழும் குழந்தை மிட்டாய் என்று வாயில் போடும் ஆபத்தும் இருக்கிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். காய்ந்த வசம்பைத் துணியில் முடிந்து போட்டால் போதும்.

படி விரிப்பில் வரும் வாடை வேறு ரகம். விளக்கு எண்ணெயும் நெய்யும் சிந்தி, மாதக்கணக்கில் மடிப்பில் கிடந்து சிக்கு வாடை அடிக்கும். இதைக் காற்றில் போட்டுப் பயனில்லை, எண்ணெயை எடுக்க வேண்டும். பருத்தி வேட்டி என்றால் சுடுதண்ணீரில் சலவை சோடாவும் சோப்புத்தூளும் போட்டு ஊறவைத்து அலசலாம். ஜரிகைத் துணிக்கு அந்த முறை ஆகாது. வினிகரும் ஆகாது, ஜரிகையில் செம்பு இருந்தால் பச்சை பூத்துவிடும். பவானி ஜமக்காளம் விரித்திருந்தால் வாளியில் ஊறப்போடாதீர்கள். கனம் அதிகம், நடுவில் ஈரம் நின்று புது வாடை பிறக்கும். கறை பட்ட இடத்தை மட்டும் சோப்பு நுரையால் தேய்த்துத் துடைத்து, இரண்டு கயிறுகள் மேல் இடைவெளி விட்டுப் போட்டுக் காயவையுங்கள்.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் நுரைக்கும், கண்ணுக்கு ஏதோ வேலை செய்வதுபோலத் தெரியும். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு இரண்டுமே வீணாகும், அவ்வளவுதான். ஆனால் பிளீச்சிங் பவுடரோடு வினிகரோ வேறு அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைத் தாக்கும் விஷம். மூடிய குளியலறையில் யாரும் முயற்சி செய்து பார்க்க வேண்டாம்.

எலி மூத்திர நாற்றம் என்றால் முதலில் கையுறையும் மாஸ்க்கும். எலிக்காய்ச்சல் பரவுவது அந்த மூத்திரத்தில்தான். புழுக்கையைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டித் தூசு கிளப்பக் கூடாது. கிருமிநாசினி தெளித்து நனைத்துவிட்டுத் துடைத்து எடுங்கள். நனைந்த அட்டை, காகிதம், தெர்மாகோல் எதையும் காப்பாற்ற முயல வேண்டாம்.

எலியைக் கூப்பிடுவது பல வீடுகளில் நாமேதான். கொலுவில் செட்டியார் பொம்மைக்கு முன்னால் வைத்த பருப்பும் அரிசியும், பார்க்கில் முளைக்கவிட்ட ராகி நாற்றின் மண்ணும், படி இடுக்கில் விழுந்த சுண்டலும் அப்படியே பெட்டிக்குப் போயிருக்கும். கிறிஸ்துமஸ் குடில் வைக்கிற வீடுகளில் வைக்கோல். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 கழிந்து குடிலைப் பிரிக்கும்போது வைக்கோலையும் சொரூபங்களோடு சுருட்டி வைத்துவிடுவார்கள். அடுத்த டிசம்பரில் அது மக்கிக் கிடக்கும். வைக்கோல் ஒவ்வொரு வருடமும் புதிதாக வாங்க வேண்டிய பொருள். பெயின்டோ மினுக்குத் தூளோ படாதது என்றால் மாட்டுக்குப் போடலாம். மார்கழிப் பனி இறங்கும் வேளையில், ராத்திரி மொட்டைமாடியில் தொங்கிய காகித நட்சத்திரங்களைக் காலையிலேயே மடிக்காதீர்கள். உச்சி வெயில் ஏறி மதியம் ஆகட்டும்.

பெட்டி ஏறும் இடத்தையும் பாருங்கள். குளியலறை மேல் கட்டிய லாஃப்டில் கீழிருந்து நீராவி ஏறிக்கொண்டே இருக்கும், சமையலறை லாஃப்டில் தாளிப்பு எண்ணெய்ப் புகை படியும். சிமென்ட் ஷீட் கூரைக்கு அடியில் விடியற்காலையில் நீர்த்துளி கோத்துச் சொட்டும். படுக்கையறை உள்சுவர் ஓரம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரப்பலகை போட்டு வைத்தால்கூட இவற்றைவிட மேல்.

சீரியல் லைட்டில் மட்டும் வாடையைப் போக்கும் பேச்சே கூடாது. எலி கடித்த இடமோ கருகிய வாடையோ தெரிந்தால் பிளக்கில் சொருகிச் சோதிக்காதீர்கள். எறிந்துவிட்டு ஒரு புதுச் சரம் வாங்கிக்கொள்ளுங்கள்.