பி.பி. சத்தம் காதில் விழாதபோது

நர்சிங் முதலாண்டில் கையால் பி.பி. பார்க்கும்போது எனக்குச் சத்தமே கேட்காது, வார்டில் ஃபேன் இரைச்சல் வேறு. ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனைகள் மூக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும்படி மாட்டியதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்புறம் முழங்கை மடிப்பில், சுண்டுவிரல் பக்கமாக, துடிப்பை விரலால் தேடிப் பிடித்து அதன்மேல் ஸ்டெதஸ்கோப்பின் தட்டையான வட்டமுனையை (டயஃப்ரம்) வைத்தேன்.

முக்கியமானது இதுதான்: முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டபடியே கஃப்பில் (கையில் சுற்றும் பட்டையில்) காற்றடித்து, அது 110இல் மறைகிறது என்றால், காற்றை முழுக்க விட்டு, அரை நிமிடம் கழித்து 140 வரை ஏற்றி, நொடிக்கு 2 அல்லது 3 மி.மீ. வீதம் இறக்கவும். காற்றைச் சடாரென்று திறந்துவிட்டால் முதல் ‘டப்’ தப்பிவிடும். அந்த முதல் ‘டப்’ கேட்கும் இடம்தான் மேல் அளவு. சத்தம் அடங்கும் இடம் கீழ் அளவு. ரத்த அழுத்தம் கூடுதலாக உள்ள சிலருக்கு நடுவில் சத்தம் காணாமல் போய்த் திரும்ப வரும், நாடியைத் தொடாமல் பார்த்தால் மேல் அளவு குறைவாகத்தான் வரும். சட்டைக் கையின் மேல் கஃப் சுற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள், தயவுசெய்து.