டிபி தேடும் பணியில் கைநழுவும் இடங்கள்

வீடு வீடாகப் போய்க் காசநோயாளிகளைக் கண்டறியும் பணிக்குப் புதிதாக வருகிறவர்கள், முன்னால் வந்தவர்கள் சறுக்கிய இடத்திலேயே சறுக்குகிறார்கள். முகக்கவசம், படிவம் பற்றியெல்லாம் பயிற்சியில் சொல்லிவிடுவார்கள். மற்றவை இங்கே.

இருமலை மட்டும் கேட்பது

"ரெண்டு வாரமா இருமல் இருக்காம்மா?" "இல்லைங்க." உடனே அடுத்த வீடு. 2019–21 தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வில் எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டு விட்டிருந்தால், நோய் உறுதியானவர்களில் 42.6 சதவீதம் பேர் தப்பிப் போயிருப்பார்கள். காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை எல்லாவற்றையும் கேளுங்கள். சர்க்கரை நோயாளி, முன்பு டிபி வந்தவர், நோயாளியின் வீட்டார் என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் எக்ஸ்ரேவுக்கு அனுப்புங்கள்.

எச்சிலைச் சளி என்று அனுப்புவது

நினைத்தாலே ஆத்திரம் வரும் தவறு இது. டியூபைக் கையில் கொடுத்து "துப்பிக் கொடுங்கண்ணே" என்றால், வாயில் ஊறியதைத்தான் துப்புவார். நுரையும் நீருமாக இருக்கும் அதுவும் ஆய்வகத்துக்குப் போகும், நெகட்டிவ் என்று வரும். "உங்களுக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிடுவோம். அவரும் நிம்மதியாகப் பேரப்பிள்ளைகளோடு ஒரே அறையில் படுப்பார். நோயாளி நம் கைக்கு வந்தும், நாமே திருப்பி அனுப்பியதாக ஆகிவிடும்.

வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழ இழுத்து, சற்று அடக்கி, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். வீட்டுக்குள்ளோ கழிப்பறையிலோ வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத திறந்தவெளியில். கெட்டியான, மஞ்சள் கலந்த சளி 2 முதல் 5 மில்லி வேண்டும். டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீராக ஓடினால், அங்கேயே அவரிடம் இன்னொரு டியூப் கொடுங்கள். மொத்தம் இரண்டு மாதிரி: அப்போதே ஒன்று, மறுநாள் காலை எழுந்ததும் ஒன்று. பெயரை மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிவிடும். டியூபின் உடம்பில் எழுதுங்கள். எக்ஸ்ரேவில் சந்தேகம் இருந்தால், சளி நெகட்டிவ் என்பதோடு விடாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ரேஷன் கார்டைப் பார்த்துத் தொடர்புப் பட்டியல் எழுதுவது

நோயாளியிடமிருந்து தொற்றியிருக்கக்கூடியவர்களின் பட்டியல் இது. அவருக்குச் சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் அவரோடு ஒரே கூரையின் கீழ் படுத்தவர் யார், பகலில் மணிக்கணக்காக ஒரே அறையில் இருந்தவர் யார் என்று கேளுங்கள். தறிக்கூடத்தில் பக்கத்துத் தறிக்காரரும், விடுதி அறைத்தோழரும் கார்டில் இருக்க மாட்டார்கள். குழந்தைக்கு டிபி என்றால், அதற்குத் தொற்றவைத்த பெரியவரைத் தேடுங்கள்.

தெருவில் நின்று "டிபி வீடு எது?" என்பது

கூடவே கூடாது.

டிபி இல்லை என்று உறுதிசெய்யாமல் தடுப்பு மாத்திரை

உள்ளே நோய் இருந்தால், தடுப்புக்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரை மட்டும் போதாது. மருந்துக்கு அடங்காத கிருமி வளரும்.

ஒரு தடவை பார்த்ததோடு விடுவது

தொற்றியவருக்கு நோய் வரும் வாய்ப்பு முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அதிகம். அடுத்து எப்போது வருவீர்கள் என்ற தேதியைப் பட்டியலிலேயே குறித்துவையுங்கள்.