ஏற்காட்டில் குதிரைக்குப் பூச்சி மருந்து: முதலில் லத்தியைப் பாருங்க

"மூணு மாசத்துக்கு ஒருக்கா பூச்சி மருந்து ஊத்திடுங்க." குதிரை வாங்கிய புதிதில் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். குதிரையின் எடையைக் கண்ணளவில் போட்டு, இந்தக் குடற்புழு மருந்தை இரண்டு வருடம் ஊற்றினேன். மருந்து குறைந்துபோனால், தப்பிய புழுக்களின் வாரிசுகளுக்கு அந்த மருந்து வெறும் தண்ணீர்தான்.

முதல் வேலை லத்தி, அதாவது குதிரைச் சாணப் பரிசோதனை. காலையில் சூடாகப் போட்டதிலிருந்து மண் படாத இரண்டு உருண்டை எடுங்கள். ஜிப் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். நான் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே கொண்டுபோவேன். வளர்ந்த குதிரையின் லத்தியில் கிராமுக்கு 200 புழு முட்டைக்குக் கீழே என்றால் பெரும்பாலும் மருந்து வேண்டாம். 500-ஐத் தாண்டினால் கட்டாயம். குடல் சுவருக்குள் பதுங்கிய இளம்புழுவும் நாடாப்புழுவும் இதில் சரியாகத் தெரியாது. அவற்றுக்கு எப்போது மருந்து என்று டாக்டரிடம் கேளுங்கள். குட்டிகளுக்குக் கணக்கே வேறு.

அடுத்து எடை. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880. என் மட்டக்குதிரைக்குச் சுற்றளவு 150, நீளம் 140. சுமார் 265 கிலோ. ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்றால் 53 மில்லிகிராம். நான் கண்ணளவில் போட்டிருந்தது 200 கிலோ!

மருந்தைப் பேஸ்டாகக் கொடுக்கும்போது வாயில் கொள்ளு இருக்கக் கூடாது. என்னுடையது அதோடு சேர்த்து என் சட்டையிலேயே துப்பியது. பல் இல்லாத ஓர இடைவெளியில் சிரிஞ்சை விட்டு, நாக்கின் அடியாழத்தில் பிதுக்கி, விழுங்கும்வரை தலையைத் தூக்கிப் பிடியுங்கள். மாட்டுக்குப் போடும் ஊசியைக் குதிரைக்குப் போடவே வேண்டாம்.

14 நாள் கழித்து மறுபடி லத்தி பரிசோதனை. முட்டை பெரிதாகக் குறையவில்லையா? மருந்தை மாற்ற டாக்டரைப் பாருங்கள்.

மேய்ச்சல் நிலம்தான் பெரிய தலைவலி. சேலத்துச் சித்திரை வெயிலில் புல்லிலுள்ள இளம்புழு சீக்கிரம் காய்ந்து செத்துவிடும். ஏற்காட்டு மூடுபனியிலும் ஈரத்திலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் இங்கே லத்தியை நிலத்தில் இறைக்காதீர்கள். வாரம் இரண்டு முறை அள்ளிக் குவித்து மக்கவிடுங்கள், உள்சூட்டில் முட்டை சாகும்.

அந்தியூர்ச் சந்தையில் புதுக்குதிரை பிடித்து வந்தால், பரிசோதனை முடிவு வரும்வரை லாயத்திலேயே தனியாகக் கட்டுங்கள். முன்னங்கால் முடியில் ரவை ஒட்டியதுபோல் மஞ்சளாகத் தெரிந்தால் அது ஈ முட்டை. குதிரை நக்குவதற்குள் மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.