கடனட்டையில் ‘பெண்டிங்’ என்று நிற்கும் தொகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் இப்போது ஆசிரியர், தாதியர், கடை நடத்துபவர் என்று பலரின் பணப்பையில் ஒரு கடனட்டை இருக்கிறது. அன்றாடம் பாவிப்பவர்கள் குறைவு. கொழும்புக்கு வைத்தியத்துக்குப் போகும்போது, விசா வேலையாகப் போய் ஹோட்டலில் தங்கும்போது, பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்தை இணையத்தில் கட்டும்போதுதான் அது வெளியே வரும். அப்படிப்பட்ட இடங்களில்தான் வங்கிச் செயலியில் ‘பெண்டிங்’ என்று ஒரு தொகை வந்து நிற்கிறது. அட்டையில் மிச்சம் குறைந்து போகிறது, ஆனால் மாத ஸ்டேட்மென்டில் அந்தத் தொகையைக் காணவில்லை. இதைப் பிழையாக விளங்கிக்கொண்டு தண்டப்பணம் கட்டியவர்களையும், அவசர நேரத்தில் அட்டை வேலை செய்யாமல் கவுண்டர் முன்னால் திகைத்து நின்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் தெரிந்திருந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

நடப்பது இதுதான். அட்டையை மெசினில் போட்டவுடன் கடைக்காரரின் வங்கி, விசா அல்லது மாஸ்டர்காட் வலையமைப்பு வழியாக உங்கள் வங்கியிடம் அனுமதி கேட்கிறது. உங்கள் வங்கி சரி என்றதும் அந்தத் தொகையை உங்கள் லிமிட்டிலிருந்து, அதாவது அட்டையில் செலவழிக்க வங்கி விட்டிருக்கும் உச்சத் தொகையிலிருந்து, ஒதுக்கி வைக்கிறது. இதைத்தான் ஹோல்ட் என்கிறார்கள். காசு இன்னும் கைமாறவில்லை. பிறகு கடைக்காரர் அன்றைய கணக்கை மெசினில் முடித்து அனுப்ப வேண்டும். அனுப்பினால், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்களில், அது உங்கள் கணக்கில் செலவாகப் பதியும். அறுவடை மெசினுக்கு நாள் சொல்லி வைத்தது போலத்தான். அந்த நாளில் மெசினை இன்னொரு வயலுக்கு விடமாட்டார்கள், ஆனால் கூலி இன்னும் கொடுபடவில்லை.

ஆகவே ஒரே அட்டையில் இரண்டு கணக்கு ஓடுகிறது. இன்னும் எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கணக்கில் ஹோல்டும் கழிபடும். ஸ்டேட்மென்டில் பதிவான செலவு மட்டுமே வரும். இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதில்தான் பெரும்பாலான பிரச்சினை தொடங்குகிறது.

மிச்சத்தை வைத்துக் கடனைக் கணக்கிடுவது

உங்கள் லிமிட் 2,00,000 ரூபா என்று வைப்போம். இந்த மாதம் 60,000 ரூபா செலவு பதிவாகியிருக்கிறது. ஸ்டேட்மென்ட் போடும் நாள் 15ஆம் திகதி. நீங்கள் 12ஆம் திகதி கொழும்பில் ஒரு ஹோட்டலில் தங்கப் போனபோது அவர்கள் 45,000 ரூபாவை ஹோல்ட் செய்தார்கள். இப்போது செயலியில் மிச்சம் 95,000 என்று காட்டும். “இரண்டு லட்சத்தில் 95 ஆயிரம் போனால் ஒரு லட்சத்து ஐயாயிரம் கடன்” என்று மனம் உடனே கணக்குப் போடும். அது சரியில்லை. 15ஆம் திகதி வரும் ஸ்டேட்மென்டில் 60,000 ரூபாதான் இருக்கும். அதைக் கடைசித் திகதிக்கு முன் முழுதாகக் கட்டினால் அந்தச் செலவுகளுக்கு வட்டி இல்லை. ஹோட்டல்காரர் கடைசிப் பில்லை 38,000 என்று முடித்து அது 16ஆம் திகதி பதிந்தால், அடுத்த மாத ஸ்டேட்மென்டுக்குப் போய்விடும். மீதி 7,000 ரூபாவும் லிமிட்டுக்குத் திரும்ப வேண்டும். அது உடனே திரும்பாமல் சில நாள் இழுபடுவதும் உண்டு.

இதன் மறுபக்கம்தான் இன்னும் ஆபத்து. ஸ்டேட்மென்டில் 60,000 என்று பார்த்துவிட்டு, “இந்த மாதம் இவ்வளவுதான்” என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். 38,000 அடுத்த மாதம் வந்து நிற்கும்போது கை வெறுமையாக இருக்கும். காலபோக நெல் விற்ற காசு கையில் இருக்கும் மாதத்தில் செய்த செலவு, காசில்லாத மாதத்தின் ஸ்டேட்மென்டில் வரலாம். ஆகவே ஸ்டேட்மென்ட் நாளுக்கு முந்திய ஐந்தாறு நாட்களில் பெரிய செலவு செய்தால், அது எந்த மாதத்தில் விழுந்தது என்று ஸ்டேட்மென்டைத் திறந்து பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எல்லா வங்கிக்கும் 15ஆம் திகதி இல்லை. உங்கள் அட்டையின் நாள் எது என்று ஸ்டேட்மென்டின் மேல்பகுதியிலேயே இருக்கும்.

ஹோல்டை விடுவிக்க என்று வங்கியில் காசு கட்டுபவர்களும் உண்டு. கட்டிய காசால் அட்டையில் மிச்சம் கூடும், அது உண்மை. ஆனால் ஹோல்ட் அப்படியே நிற்கும்.

ஹோட்டலிலும் ஆஸ்பத்திரியிலும்

நமக்குக் கூடுதலாக அடி விழுவது இங்கேதான்.

ஹோட்டலில் அறை எடுக்கும்போது, வாடகையோடு சாப்பாடு, சேதம் ஆகியவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகையை ஹோல்ட் செய்வது வழமை. வெளிநாட்டில் இருந்து வந்த மச்சான் வெளிக்கிடும் நேரத்தில், “நீ விடடா, நான் தாறன்” என்று காசாகப் பில்லைக் கட்டிவிடுவார். எல்லோரும் சந்தோசமாக வான் ஏறிவிடுவார்கள். உங்கள் அட்டையில் இருந்த ஹோல்டை யாரும் நினைப்பதில்லை. பில் வேறு வழியில் கட்டுப்பட்டது உங்கள் வங்கிக்குத் தெரியாது. ஹோட்டல் அதை விடுவிக்கும் வரையோ, காலாவதி ஆகும் வரையோ அந்தத் தொகை முடங்கிக் கிடக்கும். சாதாரணக் கடைச் செலவுக்கு இது சில நாட்களில் தீர்ந்துவிடும். ஹோட்டல், வாடகைக் கார் போன்றவற்றில் ஒரு மாதம் வரைகூட நிற்கலாம்.

ஆகவே ஹோல்ட் போட்ட அதே அட்டையால் பில்லை முடிப்பது நல்லது. வேறு வழியில் கட்டுவதானால் வரவேற்பு மேசையில் நின்றபடியே கேளுங்கள்: “என்ர காட்டில பிடிச்ச காசை இப்ப விட்டுவிடுவீங்களா? விட்ட துண்டு ஒண்டு தாங்கோ.” இப்படிக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. அவர்களுக்கு இது அன்றாட வேலை.

தனியார் ஆஸ்பத்திரியில் விசயம் வேறு மாதிரி. நோயாளியை அனுமதிக்கும்போது வாங்கும் முற்பணம் பல இடங்களில் ஹோல்டே இல்லை. முழுத் தொகையும் செலவாகவே எடுபடுகிறது. பிறகு மிஞ்சினால் திருப்பித் தருவார்கள், அது தனி நடவடிக்கையாக வந்து சேர நாட்கள் எடுக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது. ஹோல்டுக்கு ஸ்டேட்மென்டில் இடமில்லை. எடுபட்ட முற்பணம் அந்த மாத ஸ்டேட்மென்டில் வந்து நிற்கும், கட்டவும் வேண்டும். முல்லைத்தீவில் இருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாகப் போகிறவர்களுக்கு இதை யோசிக்க நேரமிருக்காது, உண்மைதான். ஆனாலும் கவுண்டரில் ஒரு கேள்வி போதும்: “இது பிடிச்சு வைக்கிறதா, எடுக்கிறதா?” பதிலைப் பொறுத்துத்தான் மருந்துக்கும் ஸ்கானுக்கும் அட்டையில் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்லலாம். முடிந்தால், போவதற்கு முதல் கிடக்கிற பழைய ஹோல்ட்களைச் செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் இரண்டாம் தரம் போடுவது

ஏ9 வீதியை விட்டு உள்ளே போனால் காட் மெசினுக்கு சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும் இடங்கள் உண்டு. மெசின் சுற்றிக்கொண்டே நின்று, கடைசியில் “முடியவில்லை” என்று காட்டும். அதற்குள் உங்கள் போனுக்குக் காசு போனதாக எஸ்எம்எஸ் வந்துவிடும். உங்கள் வங்கி அனுமதி கொடுத்தாகிவிட்டது, அந்தப் பதில் மெசினுக்கு வந்து சேரவில்லை. கடைக்காரர் “இன்னொருக்கா போடுவம் அண்ணை” என்பார். போட்டால் இரண்டு ஹோல்ட்.

இந்த நிலையில் மெசினுக்கு ஒரு கடமை இருக்கிறது. பதில் கிடைக்காத கொடுக்கலை ரத்துச் செய்யும் செய்தியை, தொடர்பு திரும்பியதும் அது தானாக அனுப்பும்படிதான் பொதுவாக அமைத்திருப்பார்கள். ஆகவே எஸ்எம்எஸ் வந்த பிறகு அவசரப்பட்டு மூன்றாம் நான்காம் தரம் போடாதீர்கள். மெசினில் கடைசிக் கொடுக்கலின் துண்டை அடிக்கச் சொல்லுங்கள். வெற்றி என்று துண்டு வந்தால் காசு கட்டுப்பட்டுவிட்டது. வராவிட்டால் கையில் உள்ள காசைக் கொடுத்துவிட்டு, தோல்வி என்று காட்டும் துண்டையோ திரையின் படத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ்ஸை அழிக்க வேண்டாம். இரண்டு தொகையும் செலவாகப் பதிந்துவிட்டால் அந்தத் துண்டுதான் சாட்சி.

டெபிட் அட்டையை அதே மாதிரி நினைப்பது

கடனட்டையில் ஹோல்ட் விழுந்தால் முடங்குவது வங்கியின் லிமிட். டெபிட் அட்டையில் விழுந்தால் உங்கள் சேமிப்பிலுள்ள சொந்தக் காசு முடங்கும். நகை மீட்கவோ மாதத் தவணை கட்டவோ வைத்திருந்த 40,000 ரூபா ஒரு ஹோட்டல் ஹோல்டில் அகப்பட்டால் அன்று ஏரீஎம்மில் எடுக்க முடியாது. அந்த நேரத்தில் லீசிங் தவணையை மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகக் கட்டும்படி வங்கிக்குக் கொடுத்த நிலையான கட்டளை ஓடினால் அதுவும் தவறும். ஹோட்டல், வாடகை வாகனம் போன்றவற்றுக்கு, கட்டுப்பாடாகப் பாவிக்கத் தெரிந்தவர்களுக்கு, கடனட்டைதான் பாதுகாப்பு என்பது என் அபிப்பிராயம்.

விடுமுறைக்கு வரும் சொந்தங்கள் ஒன்றைக் கேட்பதுண்டு. கனடாவிலும் லண்டனிலும் பம்பிலேயே அட்டையைப் போட்டால், பெற்றோல் அடிக்க முதலே ஒரு பெரிய தொகை ஹோல்டாகும், இங்கேயும் அப்படியா என்று. இங்கே பெற்றோல் செட்டில் அடித்து முடித்த பிறகு சரியான தொகையைத்தான் மெசினில் போடுவார்கள். அந்தக் கவலை வேண்டாம்.

டொலர் செலவும் மேலதிக அட்டையும்

வெளிநாட்டு இணையத்தளத்தில் டொலரில் கட்டினால், ஹோல்ட் விழும் நாளின் விலையில் ஒரு ரூபாத் தொகை காட்டும். பதியும் நாளின் விலை வேறாக இருந்தால் தொகையும் மாறும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா, அந்த வருடம் மே மாதத்தில் 350ஐத் தாண்டியிருந்தது. அப்படியான காலத்தில் இரண்டு மூன்று நாள் இடைவெளியே பெரிய வித்தியாசம். இப்போது அவ்வளவு ஆட்டம் இல்லை, ஆனாலும் லிமிட்டின் விளிம்பு வரை டொலரில் செலவு செய்யாதீர்கள். ஹோல்ட் லிமிட்டுக்குள் நின்று, பதியும்போது லிமிட் தாண்டினால் அதற்கென்று கட்டணம் அறவிடும் வங்கிகள் உண்டு.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ படிக்கும் பிள்ளைக்கு மேலதிக அட்டை எடுத்துக் கொடுத்திருந்தால், அதற்கென்று தனி லிமிட் பெரும்பாலும் இல்லை. பிள்ளையின் அட்டையில் விழும் ஹோல்ட் உங்கள் லிமிட்டைத்தான் குறைக்கும். புதுக்குடியிருப்பில் நின்று உரம் வாங்கும்போது அட்டை மறுக்கப்பட்டால், முதலில் பிள்ளைக்கு ஒரு கோல் எடுத்துப் பாருங்கள்.

திரும்பி வரும் காசை நம்பித் தவணையை விடுவது

ரிக்கெட் ரத்தாகிவிட்டது, காசு திரும்பும் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டேட்மென்டில் அந்த ரிக்கெட்டின் விலை நிற்கிறது. “வரத்தானே போகுது” என்று குறைந்தபட்சத் தொகையைக்கூடக் கட்டாமல் விடுவது மிகப் பெரிய தவறு. பல வங்கிகளின் விதிப்படி, கடை திருப்பி அனுப்பும் காசு உங்கள் தவணைக் கட்டணமாகக் கணக்கில் எடுபடாது. கடைசித் திகதி கடந்தால் தாமதக் கட்டணமும் வட்டியும் சேரும்.

அதோடு முடிவதில்லை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கடன் தகவல் பணியகத்தில், நாம் ‘கிரிப்’ என்று சொல்லும் இடத்தில், பிந்திக் கட்டிய கடன்கள் பதிவாகும். ட்ராக்டருக்கு லீசிங் கேட்டுப் போகும்போது அந்த அறிக்கையைத்தான் முதலில் எடுப்பார்கள். ஒரு ஹோல்ட் விழுந்ததற்காக யாருடைய பெயரும் அங்கே கெடுவதில்லை. ஹோல்டையோ திரும்பி வரும் காசையோ சாட்டி, கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டால்தான் கெடும்.

முறைப்பாடு: எப்போது, எப்படி

நீங்கள் செய்யாத செலவு பெண்டிங்கில் தெரிந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். அட்டையின் பின்பக்க இலக்கத்துக்கு அழைத்து அட்டையை முடக்குங்கள். பதியட்டும் பார்ப்போம் என்று இருந்தால் அடுத்ததும் போகும்.

செலவு உங்களுடையதுதான், தொகை மட்டும் பிழை அல்லது இரண்டு தரம் விழுந்திருக்கிறது என்றால் வழி வேறு. பெண்டிங்கில் இருக்கும் வரை வங்கியால் பெரும்பாலும் முறையான தகராறு விண்ணப்பத்தை ஏற்க முடியாது. அது பதிந்த பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். அதற்கும் காலவரையறை உண்டு, ஸ்டேட்மென்ட் கிடைத்ததும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அதற்கு முதல் கடையோடோ ஹோட்டலோடோ பேசுவதுதான் வேகமான வழி. ஹோல்டை விடுவிக்கும் செய்தி அவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

அவர்களிடம் பேசும்போது திகதி, தொகை, அட்டையின் கடைசி நான்கு இலக்கம், துண்டில் அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்து அனுமதிக் குறியீடு ஆகியவற்றைச் சொல்லுங்கள். முழு அட்டை இலக்கத்தையோ பின்பக்க மூன்று இலக்கத்தையோ, போனுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓரீபீயையோ (OTP) யாருக்கும் கொடுக்க வேண்டாம். அந்த ஹோல்ட் வேண்டாம் என்று ஹோட்டல் உங்கள் வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பினால், குறியீட்டை வைத்து வங்கி கையாலேயே அதை விடுவிக்கலாம். வங்கி எழுத்து முறைப்பாட்டுக்கும் சரியான பதில் தராவிட்டால், மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். வங்கிக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள். வங்கியில் முதலில் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள்.