வேகமாக ஓடும் சின்னக் காருக்கு எந்த எஞ்சின் எண்ணெய்? புதியவர்களுக்குப் படிப்படியான விளக்கம்

கோலாலம்பூரில் செந்தூல், செகாம்புட் பக்கம் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் சுவரோரம் எண்ணெய்ப் போத்தல்கள் வரிசையாக அடுக்கியிருக்கும். "மினியாக் ஹிதாம் மாத்தணும்ணே" என்று எஞ்சின் எண்ணெயை மாற்றச் சொன்னதும் போமன், அதாவது மெக்கானிக், கேட்கும் முதல் கேள்வி, "செமி போடவா, ஃபுல்லி போடவா தம்பி?" பாதி செயற்கை எண்ணெயா, முழுக்கச் செயற்கை எண்ணெயா என்று அர்த்தம். சாதாரண காருக்கு அந்த ஒரு கேள்வி போதும். உங்களிடம் இருப்பது ஸ்விஃப்ட் ஸ்போர்ட், போலோ ஜிடிஐ, ஜிஆர் யாரிஸ், சத்ரியா நியோ ஆர்3, அல்லது கை வைத்துச் சக்தி கூட்டிய மைவி என்றால் போதாது.

இந்த வண்டிகளில் எஞ்சின் சிறியது, ஆனால் அதன் மேல் ஏறும் சுமை பெரியது. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் 1.4 லிட்டர் டர்போ எஞ்சின் 140 குதிரைசக்தி தருகிறது. ஜிஆர் யாரிஸ் மூன்றே சிலிண்டரில் 250ஐத் தாண்டுகிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்கி நிற்பதும், அதன் சூட்டை வாங்கிக்கொண்டு வருவதும் நாலு லிட்டர் எண்ணெய்தான். அதனால் பிராண்டு பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். முதலில் கையேடு, அடுத்து நீங்கள் ஓட்டும் விதம், பிறகு தர எழுத்துகள், கடைசியில்தான் பிராண்டு.

படி 1: கையேட்டைத் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பாகுத்தன்மை எண், அதாவது எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டுவது, உதாரணமாக 5டபிள்யூ-30. தரக்குறி, அதாவது ஏபிஐ (அமெரிக்கத் தரம்), ஏசிஇஏ (ஐரோப்பியத் தரம்), அல்லது கார் நிறுவனத்தின் சொந்த எண். அப்புறம், ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது. மூன்றையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் ஓடி இங்கே வந்த ரெக்கோன் வண்டியென்றால் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும். கவலை வேண்டாம், எண்ணெய்ப் பக்கத்தில் உள்ள எண்களும் எழுத்துகளும் உலகப் பொதுவானவை. பல வண்டிகளில் எண்ணெய் ஊற்றும் மூடியிலேயே பாகுத்தன்மை எண் பொறித்திருக்கும்.

கையேட்டில் ஒரே ஒரு எண் மட்டும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மூடிவிடாதீர்கள். பக்கத்தை முழுக்கப் படியுங்கள். டொயோட்டாவின் கையேடுகள் பலவற்றில், அதிவேகத்திலோ கடும் சுமையிலோ ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் சற்றுக் கெட்டியான எண்ணெய் பொருந்தலாம் என்று ஒரு வரி இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதிய வரி அது.

படி 2: அந்த இரண்டு எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் எண்ணெய் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. 5டபிள்யூவுக்கான சோதனையை உறைநிலைக்குக் கீழே 30 டிகிரியில் செய்கிறார்கள். 0டபிள்யூ என்றால் கீழே 35, 10டபிள்யூ என்றால் கீழே 25. கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆக, ஸ்டார்ட் ஆவதைப் பொறுத்தவரை முன் எண்ணை நினைத்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நமக்கு முக்கியம் பின் எண். எஞ்சின் சூடேறிய பிறகு எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை அது காட்டுகிறது. 100 டிகிரியில் அளந்தால் 30 தரத்தின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5க்குச் சற்றுக் கீழ் வரை இருக்கலாம். 40 தரம் 12.5இல் தொடங்கி 16.3 வரை போகும். அலகின் பெயர் சென்டிஸ்டோக். நல்லெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான், எண் கூடக் கூட எண்ணெய் கெட்டி.

வரம்புகளை இன்னொரு முறை பாருங்கள். ஒரு 30 எண்ணெய் 12 என்ற அளவில் இருக்கலாம், ஒரு 40 எண்ணெய் 13 என்ற அளவில் இருக்கலாம். போத்தலில் எண் வேறு, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்று. அதே நேரத்தில், 5டபிள்யூ-30 என்று எழுதிய இரண்டு போத்தல்களுக்கு இடையே பெரிய வித்தியாசமும் இருக்கலாம். அதை வெளியே கொண்டுவருவது எச்டிஎச்எஸ் என்ற அளவு. 150 டிகிரி சூட்டில், பேரிங்குக்குள் நசுங்கும் நிலையில், எண்ணெய்ப் படலம் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் அது. 30 தரத்துக்குக் குறைந்தபட்சம் 2.9 இருந்தால் போதும். ஆனால் ஏசிஇஏ சி3 என்ற ஐரோப்பியத் தரத்தில் தேறிய 5டபிள்யூ-30 எண்ணெயில் அது 3.5க்குக் குறையக்கூடாது. முதல் வகை பெட்ரோலை மிச்சப்படுத்த வடிவமைத்தது, இரண்டாவது சூட்டைத் தாங்க வடிவமைத்தது. வேகமாக ஓட்டுகிறவருக்கு இந்த ஒற்றை எண், போத்தலின் முகப்பில் இருக்கும் மொத்த விளம்பரத்தையும்விடப் பயனுள்ளது. போத்தலில் அதை அச்சிடுவதில்லை. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணெய்க்கான தொழில்நுட்பத் தாளில் கிடைக்கும். ஐந்து நிமிட வேலை.

படி 3: நீங்கள் எப்படி, எங்கே ஓட்டுகிறீர்கள் என்று உண்மையாகச் சொல்லுங்கள்

காலையில் எம்ஆர்ஆர்2 நெரிசலில் ஊர்ந்து வேலைக்குப் போய், மாலையில் அதே வழியில் திரும்பி வருகிறவரா? மாற்றம் எதுவும் செய்யாத வண்டியா? கையேடு சொல்லும் முதல் எண்ணையே போடுங்கள். 0டபிள்யூ-20 என்று இருந்தால் 0டபிள்யூ-20தான். நம் ஊர் வெயில் 33 டிகிரி இருக்கிறதே, கெட்டியாகப் போட வேண்டாமா என்று பலர் கேட்கிறார்கள். வெளியே 20 டிகிரி இருந்தாலும் 33 இருந்தாலும், தெர்மோஸ்டாட் எஞ்சினின் தண்ணீரைத் தன் அளவுக்குள்தான் வைத்திருக்கும். எண்ணெயைக் கொதிக்கவைப்பது வெயிலைவிட உங்கள் வலது கால்தான்.

வார இறுதியில் கோத்தோங் ஜெயா வழியாகக் கெந்திங் ஏறுகிறவரா? இரண்டாம், மூன்றாம் கியரில் நீண்ட ஏற்றம், முகப்பில் அடிக்கும் காற்று குறைவு, டர்போ விடாமல் வேலை செய்கிறது. எண்ணெயின் சூடு தண்ணீரைவிட மெதுவாக ஏறும், ஏறிய பிறகு மெதுவாகத்தான் இறங்கும். தண்ணீர் முள் நடுவில் அசையாமல் நிற்கும்போதே எண்ணெய் 120 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். இப்படி ஓட்டுகிறவர் கையேடு அனுமதிக்கும் எண்களில் ஒரு படி கெட்டியானதை எடுக்கலாம். கையேட்டில் 5டபிள்யூ-30 மட்டுமே இருந்தால், அதே எண்ணில் எச்டிஎச்எஸ் கூடுதலான போத்தலைத் தேடுங்கள்.

செப்பாங் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டும் டிராக் டேய்க்குப் போவது தனிக் கதை. 5.543 கிலோமீட்டர் சுற்று, 15 வளைவுகள், இரண்டு நீளமான நேர்பாதைகள். அங்கே 5டபிள்யூ-40 போன்றது பெரும்பாலான சின்ன டர்போ வண்டிகளுக்கு நியாயமான தேர்வு, ஆனால் எண்ணெய் வெப்பமானி ஒன்றைப் பொருத்திவிட்டுப் போங்கள். 130 டிகிரியை நெருங்கினால் ஒரு சுற்று நிதானமாக ஓட்டி ஆறவிடுங்கள். அதற்கு மேல் தொடர்ந்து போகிறதென்றால் உங்களுக்குத் தேவை ஆயில் கூலர், இன்னும் கெட்டியான எண்ணெய் அல்ல.

"கெட்டியா இருந்தா எஞ்சினுக்குப் பாதுகாப்பு" என்று சொல்லி 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய எஞ்சினில் வால்வு நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பு எண்ணெய் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. சிறு துளைகள், சிறு இடைவெளிகள். அதில் அளவுக்கு மீறிக் கெட்டியான எண்ணெய் ஓடினால் எஞ்சின் மந்தமாகும், பெட்ரோல் செலவும் கூடும். நிறைய கிலோமீட்டர் ஓடிய பழைய சத்ரியா ஜிடிஐ போன்ற வண்டிக்கு 10டபிள்யூ-40 நன்றாகவே ஒத்துப்போகும். அதற்காகப் புதிய டர்போ வண்டிக்கும் அதே கணக்கு ஆகாது.

படி 4: தர எழுத்துகளைப் பாருங்கள், டர்போ வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக

போத்தலின் பின்பக்கம் வட்ட முத்திரைக்குள் ஏபிஐ எஸ்என், ஏபிஐ எஸ்பி என்று இருக்கும். எஸ்என் வந்தது 2010இல், எஸ்பி 2020இல், அதற்கும் அடுத்ததான எஸ்கியூ 2025இல். நேரடி எரிபொருள் பீய்ச்சலும் டர்போவும் சேர்ந்த எஞ்சினுக்கு எஸ்பி அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். காரணம் இது.

காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் ஆறாவது கியரிலேயே இருக்கிறீர்கள், சுற்று 1,500தான். முன்னால் லாரி, முந்துவதற்காக ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதிக்கிறீர்கள். அந்த நொடியில் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெயும் பெட்ரோலும் கலந்த ஒரு துளி, ஸ்பார்க் பிளக் பொறி விடுவதற்கு முன்பே தீப்பிடிக்கலாம். பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே எதிரே வெடிப்பு. ஒரே அடியில் பிஸ்டனின் வளைய மேடு உடைந்துபோன எஞ்சின்கள் உண்டு. எல்எஸ்பிஐ என்று இதை அழைக்கிறார்கள். எண்ணெயில் அழுக்கைக் கரைக்கச் சேர்க்கும் கால்சியம் அதிகமாக இருந்தால் இந்த ஆபத்து கூடுகிறது என்று கண்டுபிடித்த பிறகு, கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைச் சேர்த்தார்கள். எஸ்பி தரத்தில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது, டைமிங் செயின் தேய்மானத்துக்கும் தனியாக ஒன்று இருக்கிறது. லாரிக்கான டீசல் எண்ணெய் "பலமானது" என்று டர்போ காரில் ஊற்றுவது இதனால்தான் தவறு, அவற்றில் பலவற்றில் கால்சியம் அதிகம். அதோடு, ஏற்றத்தில் கியரைக் குறைத்துவிட்டு மிதிப்பது எந்த எண்ணெயும் தராத பாதுகாப்பு.

ஐரோப்பிய வண்டிக்காரர்கள் ஏபிஐயோடு நிற்கக்கூடாது. ஃபோக்ஸ்வேகன் 502 00, 504 00 போன்ற எண்ணைக் கையேடு கேட்டால், போத்தலில் "அங்கீகரிக்கப்பட்டது" என்று அதே எண் இருக்க வேண்டும். "பொருந்தும்", "ஏற்றது" என்ற சொற்கள் தயாரிப்பாளரின் சொந்தக் கருத்து மட்டுமே, கார் நிறுவனத்தின் கையெழுத்து அல்ல.

படி 5: செமியா, ஃபுல்லியா?

ஃபுல்லி. இந்த வகை வண்டிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பவும் வேண்டாம். 1999இல் அமெரிக்காவின் விளம்பரத் தரக் குழு ஒன்று, நன்கு சுத்திகரித்த கனிம எண்ணெயையும் செயற்கை எண்ணெய் என்று விற்கலாம் என்ற முடிவுக்கு வந்தது. அன்று முதல் அந்தச் சொல்லுக்குள் பல தரங்கள் அடங்கிவிட்டன. எஸ்டர் இருக்கிறது, பிஏஓ இருக்கிறது என்று (இரண்டும் செயற்கை அடிப்படை எண்ணெய் வகைகள்) கூடுதல் விலை கேட்டால், நாலாம் படியில் பார்த்த எழுத்துகளும் அதில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அவை இல்லாத விலையுயர்ந்த போத்தலைவிட, அவை உள்ள நடுத்தர விலை போத்தல் மேல்.

படி 6: அசல் போத்தலை வாங்குங்கள்

நம் நாட்டில் போலி எண்ணெய் உண்மையான பிரச்சினை. உள்நாட்டு வாணிப அமைச்சு அவ்வப்போது கிடங்குகளில் சோதனை நடத்திப் பறிமுதல் செய்கிறது. இணையச் சந்தையில் எல்லாரும் விற்கும் விலையைவிட மிகவும் மலிவாக ஒன்று தெரிந்தால் விலகிவிடுங்கள். தயாரிப்பாளரின் அதிகாரபூர்வக் கடையில் வாங்குங்கள்.

போத்தல் கைக்கு வந்ததும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மூடியின் வளையம் அறுபடாமல் இருக்க வேண்டும். அடியிலோ தோளிலோ அச்சிட்ட தொகுதி எண் விரலால் தேய்த்தால் அழியக்கூடாது. கியூஆர் குறி இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள், அது தயாரிப்பாளரின் தளத்துக்குத்தான் போகிறதா என்று முகவரியைக் கவனியுங்கள். மூடியைத் திறந்ததும் உள்ளே அலுமினியத் தாள் ஒட்டும் நிறுவனங்கள் உண்டு, ஒட்டாதவையும் உண்டு. நீங்கள் வாங்கும் பிராண்டின் வழக்கம் என்ன என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள்.

இங்கே அதிகம் கிடைப்பது நாலு லிட்டர் போத்தல். உங்கள் எஞ்சினுக்கு 4.3 லிட்டர் பிடிக்கும் என்றால் அதே எண்ணெயில் ஒரு லிட்டர் போத்தல் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். மிச்சத்தை வண்டியிலேயே வைத்திருந்தால் பின்னால் குறையும்போது உதவும்.

படி 7: ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்

"அண்ணே, என் முன்னாலயே திறங்க" என்று சொல்வதில் கூச்சப்பட எதுவுமில்லை, நல்ல போமன் அதை விரும்பவே செய்வார். ஃபில்டரையும் வடிகால் ஆணியின் வாஷரையும் ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்லுங்கள். ஊற்றி முடித்து, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிடம் கழித்து எண்ணெய்க் குச்சியை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். எண்ணெய்க் கோடு இரண்டு குறிகளுக்கு நடுவே, மேல் குறியை ஒட்டி நிற்க வேண்டும். மேல் குறியைத் தாண்டினால் கிராங்க் தண்டு எண்ணெயை அடித்து நுரையாக்கிவிடும், நுரைக்கு உராய்வைத் தடுக்கும் பலமில்லை. வீட்டில் நீங்களே மாற்றுகிறீர்கள் என்றால் பழைய எண்ணெயைக் காலி போத்தலில் ஊற்றிப் பட்டறையில் கொடுங்கள். சட்டப்படி அது அட்டவணையிட்ட கழிவு, கால்வாயில் ஊற்றக்கூடாது.

படி 8: மாற்றும் காலத்தை மணிக்கணக்கில் யோசியுங்கள்

ஃபுல்லி என்றால் 10,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்பது இங்கே பொதுவான வழக்கம். நெடுஞ்சாலையில் சராசரி 90இல் ஓடும் வண்டிக்கு 5,000 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 55 மணி நேர வேலை. நகர நெரிசலில் சராசரி 20இல் ஊரும் வண்டிக்கு அதே 5,000 கிலோமீட்டர் 250 மணி நேரம். தைப்பூசத்தன்று பத்துமலை சாலையில் நிற்கும் வண்டிக்கு மீட்டர் நகராது, எண்ணெய் மட்டும் உழைத்துக்கொண்டே இருக்கும். அதனால் நகரத்தில் ஓடும் டர்போ வண்டிக்கு 5,000 முதல் 7,000 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள் என்பது என் பரிந்துரை. டிராக் டேய் போய் வந்தால் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். விலை மிகுந்த எண்ணெயை நீண்ட நாள் ஓட்டுவதைவிட, தரம் சரியாக உள்ள எண்ணெயைச் சீக்கிரம் மாற்றுவதில் அந்தக் காசு நன்றாகச் செலவாகும்.

இடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குச்சியைப் பாருங்கள். அளவு குறைந்தால் அந்த ஒரு லிட்டர் போத்தலிலிருந்து ஊற்றி, எவ்வளவு ஊற்றினீர்கள் என்று எழுதிவையுங்கள். அளவு கூடியிருந்து, மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை அடித்தால், எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலக்கிறது. குறுந்தூரம் மட்டுமே ஓடும் நேரடிப் பீய்ச்சல் எஞ்சின்களில் இது நடப்பதுண்டு. உடனே எண்ணெயை மாற்றிவிட்டு, வாரத்தில் ஒரு நாளாவது அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். வாடை திரும்பவும் வந்தால் இன்ஜெக்டரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வாரண்டி இன்னும் முடியாத வண்டியென்றால், வாங்கிய ரசீது, போத்தலின் தொகுதி எண், மாற்றிய நாளின் மீட்டர் அளவு மூன்றையும் ஒரே படத்தில் எடுத்து வைத்திருங்கள்.