இடித்த பிறகு, சாவியைத் திருகும் முன்: ஆயில், கூலண்ட், ஃபில்டர் பார்க்கும் முறை

குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் நெரிசலிலோ தக்கலைப் பக்கத்து வளைவிலோ முன்னால் போகும் வண்டியில் மெல்ல இடித்துவிட்டால், பம்பரில் ஒரு கீறலை மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று கிளம்பிவிடுவதே பலரின் வழக்கம். பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே அமுங்கினாலும் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். அதன் பின்னால் நிற்கும் ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும் அப்படியல்ல. மெல்லிய அலுமினியக் குழாய்களில் ஒரு சிறு விரிசல் விழுந்தாலும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் சொட்டத் தொடங்கி, சில கிலோமீட்டர் தாண்டியதும் எஞ்சின் கொதித்து, ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) வரை செலவு வைத்துவிடும். ஆகவே, வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாமா, தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதை முடிவு செய்யும் இந்தப் பரிசோதனையை கார் ஓட்டும் ஒவ்வொருவரும் கற்றிருக்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியவை

வண்டி நகருமானால் சாலையோரம் ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிடுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108-ஐ அழைப்பதே முதல் வேலை. காரை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் தொடாமல் எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். அந்த வண்டியில் மேற்கொண்டு எதையும் நீங்களே பார்க்கக் கூடாது. இன்சூரன்ஸுக்காகச் சில படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கு அடியில் பாருங்கள்

பானட்டைத் திறப்பதற்கு முன், ஒரு பழைய செய்தித்தாளையோ அட்டையையோ எஞ்சினுக்கு அடியில் விரித்து, பத்து நிமிடம் காத்திருங்கள். தார்ச்சாலையில், அதுவும் மழை நனைத்த சாலையில், சொட்டுவது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. தாளில் அது தெளிவாகத் தெரியும். நிறமும் வாடையுமற்ற தண்ணீர் சொட்டினால் அது பெரும்பாலும் ஏசியிலிருந்து வருவது, கவலை வேண்டாம். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு ஆகிய நிறங்களில் ஒன்றாக, சற்றுப் பிசுபிசுப்போடு, இனித்த வாடையடித்தால் அது கூலண்ட். அது நஞ்சு என்பதால் குழந்தைகளும் நாயும் கோழியும் அண்டாமல் துடைத்துவிடுங்கள். பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் வழுவழுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஆகும். சக்கரத்தின் உட்புறத்தில் வெளிர்மஞ்சளாக எண்ணெய் போல வழிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கக்கூடும். அப்போது வண்டியை ஓட்டவே கூடாது. முன்புறம் இடித்த வண்டியில் வைப்பர் தண்ணீர்த் தொட்டி உடைந்தும் ஒழுகலாம். அது பல கார்களில் பம்பருக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஆபத்தில்லாத கசிவு.

விளக்கு எரிந்தால்

டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு நிற்கச் சொல்கிறது. மஞ்சள் விளக்கு சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டச் சொல்கிறது. எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைக் குறிப்பதல்ல, ஆயில் அழுத்தத்தைக் குறிப்பது. அளவு சரியாக இருந்தும் அது எரிந்தால், ஒர்க்ஷாப் பக்கத்திலேயே இருந்தாலும் எஞ்சினை ஓடவிடாதீர்கள். எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் போகலாம்; விட்டுவிட்டு மின்னினால் எஞ்சினில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்ட் கெட்டுவிடும் என்பதால் நிறுத்திவிடுங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்தால் அதன் ஒயர்களை நீங்களே தொட வேண்டாம்.

அளவுகளைப் பார்ப்பது

ஆயில் பார்க்க வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் வீட்டு முற்றமே சரிவாக இருப்பது வழக்கம். அங்கே பார்த்தால் அளவு தவறாகத்தான் காட்டும். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, ஆயில் கம்பியை உருவித் துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு அடையாளங்களுக்கும் நடுவில் இருந்தால் போதும். ஆயிலைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்த்துப் பாருங்கள்: துகள்கள் உரசினால் எஞ்சின் தேய்ந்திருக்கலாம், பால் கலந்த காப்பி போன்ற நிறத்தில் தெரிந்தால் ஆயிலில் கூலண்ட் கலந்திருக்கலாம், இரண்டுமே எஞ்சினை ஓட்டக்கூடாத நிலை.

கூலண்டை, வெளியே தெரியும் பிளாஸ்டிக் தொட்டியின் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையில் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்; அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். வண்டி முழுவதும் ஆறிய பிறகுதான் அந்த வேலை. அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால், பிறகு கையேட்டில் சொன்ன கூலண்டைச் சரியான கலவையில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

பிரேக் ஆயில் தொட்டியை வெளியிலிருந்தே பாருங்கள். பிரேக் பட்டைகள் தேயத் தேய அதன் அளவு மெல்லக் குறையும், அது இயல்பு; திடீரென்று குறைந்தாலோ பெடல் பஞ்சு போல இறங்கினாலோ, ஊற்றி நிரப்பிக்கொண்டு ஓட்டுவது உயிருக்கு உலை வைப்பதாகும். இந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் மூடியை வீணாகத் திறக்க வேண்டாம். பெயிண்டில் பட்டாலும் அரித்துவிடும்.

ஃபில்டர்கள்

ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளை நீக்கி மூடியைத் தூக்கினால் மடிப்பு மடிப்பான அட்டை தெரியும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆரல்வாய்மொழி கணவாயின் காற்றில் பறக்கும் தூசியும் பாறைப்பொடி லாரிகளின் புழுதியும் அதை விரைவில் அடைத்துவிடுவதால், சர்வீஸ் கணக்கு வருவதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் இது என்பதால், இதைவிட முக்கியமான ஒன்று உண்டு: ஏலாவோர (வயலோர) சாலையில் தேங்கிய வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால், சாவியைத் திருகும் முன் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அது நனைந்திருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

டீசல் வண்டியில் தண்ணீர் கலந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால் டீசல் ஃபில்டரில் தங்கிய தண்ணீரை இறக்க வேண்டும். முதல் முறை மெக்கானிக்கைக் கொண்டே செய்யுங்கள். ஏசி ஃபில்டர் பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அதை ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாகத் தெரிந்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாலும், அன்றிரவே ஒரு புதிய தாளை அடியில் விரித்து, ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றின் அளவை செல்போனில் படமெடுத்து வையுங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்த நிலையில் மறுபடி பார்க்கும்போது தாளில் கறை இருந்தாலோ, ஏதாவது ஒன்றின் அளவு இறங்கியிருந்தாலோ, கசிவு எங்கே, எந்த நிறத்தில், எந்த விளக்கு எரிந்தது என்று குறித்துக்கொண்டு, அந்தப் படங்களோடு ஒர்க்ஷாப்பில் சொல்லி, வண்டியை அவர்களே வந்து எடுத்துப்போகச் செய்யுங்கள்.